ஓடாமல், குதிக்காமல் ஒலிம்பிக் மைதானத்துக்குள் போகலாம், தெரியுமா?

பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை தர்மபுரியில் தெரியாதவர் உண்டா? ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டி தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவர்! அவர் போன மைதானங்களுக்குள் நுழைய இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் வாலண்டியர் வாசல்.

அந்த வாசலில் எவ்வளவு கூட்டம் தெரியுமா? பாரிஸ் 2024-க்கு விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்கும் சேர்த்து இடம் கிடைத்தது சுமார் 45,000 பேருக்கு. லண்டன் 2012-இல் 70,000 பேர். பெய்ஜிங் 2008-க்கு வந்த விண்ணப்பங்களோ 10 லட்சத்தைத் தாண்டின! இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

வழிகாட்டுவதும் டிக்கெட் பார்ப்பதும்தான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்தால், அந்த நொடியிலிருந்து பரிசோதனை அறைக்குள் நுழையும்வரை அவர் ஒருவருடைய கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். பதக்க மேடைக்குப் போனாலும், பேட்டி கொடுத்தாலும் கூடவே நிற்கும் அந்த ஆள் பல போட்டிகளில் ஒரு வாலண்டியர்தான்!

இப்போது டோக்கியோவுக்கு வாருங்கள். 2021 ஆகஸ்ட். ஜமைக்காவின் ஹான்ஸ்லே பார்ச்மென்ட் 110 மீட்டர் தடை ஓட்ட அரையிறுதிக்குக் கிளம்புகிறார். காதில் பாட்டு, ஏறியது தப்பான பஸ். இறங்கினால் நீச்சல் அரங்கம்! திரும்பிப் போய் வேறு பஸ் பிடித்தால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நேரமிருக்காது. போட்டிக்கான கார்களோ முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். அங்கே பணியில் இருந்த ஒரு பெண் வாலண்டியர் தன் பணத்தை எடுத்துக் கொடுத்து, டாக்ஸியில் போகச் சொன்னார். அரையிறுதியைத் தாண்டினார் பார்ச்மென்ட். மறுநாள் இறுதிப் போட்டியில் 13.04 விநாடி, தங்கம்! ஊருக்குப் போகும் முன் அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பதக்கத்தைக் காட்டினார், கடனைத் திருப்பித் தந்தார், ஜமைக்கா சட்டையும் பரிசளித்தார். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தத் தங்கம் யார் கழுத்துக்குப் போயிருக்குமோ! எனக்கு அந்த ஒலிம்பிக்கிலேயே பிடித்த ஓட்டம் அந்த டாக்ஸி ஓட்டம்தான்.

கத்தார் 2022 உலகக் கோப்பைக் கால்பந்தில் 20,000 வாலண்டியர்கள். அதில் சுமார் 3,000 பேர் அதற்காகவே வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள்! சிட்னிக்காரர்கள் ஒருபடி மேலே போய், 2000-இல் உழைத்த 70,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஒலிம்பிக் பூங்காவில் கம்பங்கள் நட்டுப் பொறித்தே வைத்துவிட்டார்கள்.

வாலண்டியர்கள் உழைத்த உலகப் போட்டி நம் மாநிலத்திலும் நடந்திருக்கிறது. ரஷ்யாவில் நடக்கவிருந்த 44-வது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக்குக் கை மாறியது. ஜூலை இறுதியில் தொடக்க விழா. நான்கே மாதம்தான்! வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ வரவேற்க, 180-க்கும் மேற்பட்ட நாடுகள் மாமல்லபுரம் வந்து இறங்கின. அங்கேயும் ஓடியாடி வேலை பார்த்தவர்களில் வாலண்டியர்கள் உண்டு. அரூரிலிருந்து திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய தூரத்தில் ஓர் உலகப் போட்டி!

செலவு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் யூனிபார்ம், பணி நாளில் சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் தருவார்கள். ஊரிலிருந்து போய்வரும் செலவும் தங்குமிடமும் நம் பொறுப்பு. வசதி இல்லாத பிள்ளைகளை வாசலிலேயே தடுப்பது இதுதான், திறமைக் குறைவு அல்ல. வேலைக்காக பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறி, தெரியாத ஊரில் தெரியாத மொழியில் சமாளித்துக் காட்டும் பென்னாகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலை வராதா என்ன? கல்லூரிகளும் ஊர்ப் பெரியவர்களும் பயணச் செலவில் கொஞ்சம் கைகொடுத்தால் போதும்.

அதற்கு நேரமும் இருக்கிறது. 1930-இல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கிய காமன்வெல்த் விளையாட்டின் நூற்றாண்டுப் போட்டி 2030-இல் எங்கே நடக்கப்போகிறது தெரியுமா? அகமதாபாத்தில்! பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரயில் டிக்கெட் போதும். இப்படிப்பட்ட போட்டிகளில் வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்ச வயது 18. 2012-இல் பிறந்த பிள்ளைக்கு அந்த ஆண்டு சரியாக 18.