அரிய நோயும் மருந்துச் சோதனையும்

நம் உடலை ஓயாது இயங்கும் ஒரு தொழிற்பேட்டைக்கு ஒப்பிடலாம். அம்பத்தூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஒரு பட்டறை வார்த்த பொருளை அடுத்த பட்டறை கடைகிறது; அதனை மற்றொன்று மெருகிடுகிறது. இடையே ஒரு பட்டறை மூடிக்கிடந்தால், அதன் வாயிலில் சரக்கு மலைபோற் குவிந்துவிடும். உண்ட உணவை உடல் படிப்படியாக மாற்றிக்கொள்ளும் வளர்சிதை மாற்றமும் இத்தகையதே. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி பொறுப்பாக உள்ளது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றுப் பிறந்த குழந்தையிடம் அத்தகைய நொதி ஒன்று இல்லாதொழிந்தால், மாறவேண்டிய பொருள் மாறாமல் தேங்கித் தீங்கு செய்கின்றது.

இவ்வகை நோய்களின் இயல்பை முதன்முதலில் விளக்கியவர் ஆங்கில மருத்துவரான ஆர்ச்சிபால்ட் கேராட் என்பவர். 1902-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்கொண்ட நோய் அல்காப்டனூரியா. இந்நோயுள்ள குழந்தையின் சிறுநீர் காற்றுப்படக் கறுத்துவிடும். துணியிற் படிந்த கறையைக் கண்டு தாய் திகைப்பாள். ஹோமோஜென்டிசிக் அமிலம் என்னும் பொருள் சிதைக்கப்படாமல் தங்குவதே இதற்குக் காரணம். இளமையில் பெருந்துன்பம் தோன்றாது. ஆண்டுகள் செல்லச்செல்ல அப்பொருள் குருத்தெலும்புகளிற் கருநிறமாய்ப் படியும். முதுகும் இடுப்பும் முழங்காலும் தேய்ந்து, உழைக்கவேண்டிய வயதிலேயே மனிதன் குனிந்துவிடுகிறான்.

இரண்டரை இலட்சம் முதல் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே காணப்படும் இந்நோய்க்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் குடியமர்ந்த நரிக்குறவர் 41 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 16 பேருக்கு இந்நோய் இருந்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் 11 பேரிடம் ஒரே மரபணுப் பழுது இரு பெற்றோர் வழியாகவும் வந்திருந்தது. முன்னோர் ஒருவரிடம் தோன்றிய பழுது, சிறிய சமூகத்துக்குள்ளேயே மணவுறவு நிகழ்ந்ததால் பெருகியது என்பது ஆய்வாளர் கருத்து. இதனை ஒரு சமூகத்தின் குறையாகக் கொள்ளுதல் கூடாது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது தமிழகத்துப் பல குலங்களுக்கும் பொதுவான வழக்கமன்றோ?

நோய்க்கு மருந்து வந்த வழி வியப்புக்குரியது. புட்டி கழுவும் தூரிகையைப் போன்ற செம்பூக்கள் தொங்கும் ஒரு மரத்தை நம் பூங்காக்களிற் பலர் கண்டிருப்பர். அம்மரத்தினடியில் களை குறைவாக முளைப்பதைக் கலிபோர்னியாவில் ஓர் அறிஞர் 1977-இல் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய களைக்கொல்லி ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்ததே நிடிசினோன். டைரோசினேமியா என்னும் வேறொரு பிறவி நோயால் கல்லீரல் கெட்டு மாளவிருந்த குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தனர் சுவீடன் நாட்டு மருத்துவர். ஐந்து நோயாளரிடம் கண்ட நற்பயனை 1992-இல் வெளியிட்டனர். குவிந்த சரக்கை இம்மருந்து அகற்றுவதில்லை. முந்தைய பட்டறையின் கதவையே சாத்திவிடுகிறது. ஆகவே அல்காப்டனூரியாவுக்கும் இது உதவக்கூடும் என்று எண்ணினர்.

எண்ணுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. இவ்வேறுபாட்டை நம் சென்னையின் மேற்குப் புறமே உலகுக்குக் காட்டியது. திருவள்ளூரை நடுவாகக் கொண்டு 1968-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது; சிலருக்கு மெய்யான தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா நீர்மம். நுரையீரற் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-இல் முதல் முடிவு வந்தது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய் வகைகளுக்கு அது காப்பளிப்பதால் இன்றும் போடப்படுகிறது என்பது வேறு செய்தி. ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் உண்மை புலப்பட்டிராது என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஆயின், அரிய நோய்க்கு இலட்சம் பேரை எங்கே தேடுவது? அமெரிக்காவில் 40 நோயாளரை இரு பிரிவாக்கி மூன்றாண்டு நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வெளிவந்தது. மருந்து உண்டவர்களிடம் அமிலம் பெரிதும் குறைந்தது. ஆனால், சோதனையின் அளவுகோலாக வைத்திருந்த இடுப்புச் சுழற்சியில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. மெல்லத் தேயும் எலும்பை மூன்றாண்டில் அளந்தறிவது எளிதா? பின்னர் லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவின் பியேஷ்டியானி ஆகிய மூன்று ஊர்களில் 138 பேரைக்கொண்டு நான்காண்டு நீண்ட சோதனை நடந்தது. நாள்தோறும் 10 மில்லிகிராம் மருந்து உண்டோரின் சிறுநீரில் அமிலம் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் குறைந்தது. நோய் முற்றுவதும் மட்டுப்பட்டது. அதன் பயனாக 2020-இல் ஐரோப்பாவில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. எனினும், கதவு சாத்தப்பட்டதால் டைரோசின் என்னும் பொருள் இரத்தத்திற் பெருகிச் சிலருக்குக் கருவிழிப் படலத்தில் ஊறு விளைத்தது. ஆகவே கண் சோதனையும் உணவுக் கட்டுப்பாடும் மருந்தோடு சேர்ந்தே வரவேண்டும்.

ஸ்லோவாக்கியாவில் இந்நோய் மிகுதி. ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். அங்கே நோயாளரைத் தேடிக் கணக்கெடுத்தனர். சோதனையும் அவர்களிடம் சென்றது. நம் நாட்டு நோயாளர்களோ இச்சோதனை நடந்த ஊர்களுக்கு வெகு தொலைவில் இருந்தனர். மருந்தின் விலையைப் பொறுத்தவரை ஒரு நம்பிக்கை பிறந்துள்ளது. டைரோசினேமியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி ரூபாய் செலவான நிடிசினோன், இந்தியாவிலேயே செய்யப்படுவதால் ஏறக்குறைய 2.5 இலட்சத்துக்குக் குறைந்ததென 2023 நவம்பரில் நடுவண் அரசு அறிவித்தது. அதுவும் எளியவர்க்கு மலையே என்பதை மறப்பதற்கில்லை.

ஆவடியிலும் நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. மேற்சொன்ன ஆய்வு அங்கே நடந்ததென்று நான் கூறவில்லை. ஆனால், நாளை அத்தகைய குடியிருப்பு ஒன்றுக்கு மருத்துவர் குழு இரத்தமும் ஒப்பமும் கேட்டு வருமாயின், எம்முறையில் கேட்பது என்பதே என் கவலை. அம்மக்களின் வீட்டுமொழி வாக்ரிபோலி. தமிழில் அச்சிட்ட ஒப்புதல் தாள் மட்டும் அவர்களுக்குப் போதாது. சோதனையில் சேர்வோர் புரிந்துகொண்டு இசைய வேண்டும், படிக்கத் தெரியாதவர்க்கு நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும், விரும்பியபோது விலகலாம், தீங்கு நேரின் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்பன நம் நாட்டின் நெறிமுறைகள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் இவற்றை வலியுறுத்துகின்றன.

விதி ஏட்டில் இருந்தாற் போதாது. சோதனைக்கு உடலைத் தருபவன் அறிவியலுக்குக் கடன் கொடுக்கிறான். அக்கடனை மூன்று வகையில் திருப்பவேண்டும் என்பேன்: கண்டறிந்ததை அவன் மொழியிலேயே அவனுக்குச் சொல்லுதல், சோதனை முடிந்தபின்னும் மருந்து கிடைக்கச் செய்தல், அவன் பெயரும் குலமும் ஏளனத்துக்கு உள்ளாகாமற் காத்தல். ஊசிமணி விற்கும் தாய் ஒருத்தி தன் குழந்தையின் துணியிற் கருங்கறையைக் கண்டால் அஞ்சி மறைக்காமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத் துணிந்து வருவாளாயின், அன்றே இம்முயற்சியின் முதற்பயன் கிட்டியதாகக் கொள்ளலாம்.