எடுத்த இடத்திலேயே விடவேண்டாத சைக்கிள்

சைக்கிளுக்கு மன்னார் தீவைவிட வாய்ப்பான நிலம் இலங்கையில் அதிகம் இல்லை. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் ஒன்றுகூடக் கிடையாது. நகரத்திலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தோட்டவெளி, பேசாலை என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும் பெருந்தெருவைப் பிடித்தால் வழி கேட்கவே தேவையில்லை. பனங்கூடல்கள், தேவாலயங்கள், கருவாட்டு வாசம், தெருவோரத்தில் அசையாமல் நிற்கும் கழுதைகள் எல்லாவற்றையும் சைக்கிளின் வேகத்தில்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

இருந்தும் இங்கே வருகிற பயணிகளில் பலர் ஓட்டோவில்தான் ஊர் பார்க்கிறார்கள். சைக்கிள் கிடைக்காமல் இல்லை. விருந்தினர் விடுதிகள் சிலவற்றில் வாடகைக்கு உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விடுதியில் எடுத்த சைக்கிளை விடுதியிலேயே கொண்டுவந்து விடவேண்டும். அதனால் தலைமன்னாருக்கான 30 கிலோமீற்றர் 60 ஆகிவிடுகிறது. மன்னார் வெயிலில், பழக்கமில்லாத காலுக்கு, அது பெரிய தூரம்.

உலகின் பல நகரங்களில் இயங்கும் பொதுச் சைக்கிள் திட்டங்கள் இந்த ஒரு முடிச்சைத்தான் அவிழ்த்தன. ஒரு தரிப்பிடத்தில் எடுத்து, வேலை முடிந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள வேறொரு தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடந்துபோகலாம். சைக்கிள் சொந்தமாக இருப்பவருக்குக்கூட இந்த வசதி இல்லை.

தொடக்கம் 1965 இல், ஆம்ஸ்டர்டாமில். புரோவோ என்ற இளைஞர் இயக்கம் வெள்ளை பூசிய சைக்கிள்களைப் பூட்டில்லாமல் தெருவில் விட்டது. பூட்டாத வண்டி என்று சொல்லிப் பொலிஸ் அவற்றை அள்ளிக்கொண்டு போனது. கொப்பன்ஹேகன் 1995 இல் நாணயம் போட்டால் திறக்கும் சைக்கிள்களைக் கொண்டுவந்தது. எடுப்பவர் யாரென்று தெரியாததால் அவையும் களவு போயின. அட்டையும் கணினியும் சேர்ந்த பிறகுதான் திட்டம் நிலைத்தது. 2007 ஜூலையில் பரிஸில் தொடங்கிய வெலிப் அதை உலகம் முழுவதற்கும் தெரியவைத்தது. இந்தியாவில் மைசூர் முன்னோடி. 2017 ஜூனில் அங்கே தொடங்கிய ட்ரின் ட்ரின் 48 தரிப்பிடங்களையும் 450 சைக்கிள்களையும் கொண்டிருந்தது. சென்னையிலும் 2019 இல் இத்தகைய சைக்கிள்கள் வந்தன.

இப்படியான நகரம் ஒன்றுக்குப் போகும் நம்மவர் சில விடயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முதலில் கைப்பேசிச் செயலி. பல திட்டங்கள் கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும். வெளிநாட்டு எண்ணை ஏற்காத இடங்களும் உண்டு. அடுத்தது பிணைத்தொகை. அது வங்கி அட்டையில் தடுத்து வைக்கப்படுமே தவிரச் செலவாகிவிடாது. கட்டணம் பெரும்பாலும் குறுகிய ஓட்டத்துக்குச் சாதகமாக இருக்கும். பரிஸில் முதல் அரைமணி நேரம் கட்டணமில்லை என்ற ஏற்பாடுதான் திட்டத்தையே பிரபலமாக்கியது. நாள் முழுக்க ஒரே வண்டியை வைத்திருப்பவரைவிட, இறங்கும் இடமெல்லாம் விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பவருக்குச் செலவு குறைவு. மிக முக்கியமானது திருப்பிவிடும் கணம். சைக்கிளைத் தாங்கியில் தள்ளியதும் பூட்டு விழும் சத்தம் கேட்கவேண்டும், விளக்கு நிறம் மாறவேண்டும். பாதி செருகிவிட்டுப் போனால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பரிஸ் இன்னொன்றையும் கற்றது. மொன்மாத்ர் போன்ற மேடான பகுதிகளில் சைக்கிளை எடுத்து உருண்டு இறங்கியவர்கள் அதை மேலே ஏற்றிக்கொண்டுவர விரும்பவில்லை. மேலே தாங்கிகள் வெறுமையாயின, கீழே நிரம்பி வழிந்தன. லொறியில் ஏற்றி இறக்கியதோடு, மேட்டில் கொண்டுவந்து விடுபவர்களுக்கு 15 நிமிடம் மேலதிகமாகவும் கொடுத்தார்கள்.

மன்னாரில் மேடு இல்லை, காற்று இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகம் எவ்வளவு பலமானது என்பதற்குத் தீவின் தென்கரையில் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தில் மட்டும் 30 விசையாழிகள், 103.5 மெகாவாற். தலைமன்னார் நோக்கிப் போகிறவருக்கு அந்தக் காற்று இடப்பக்கமாக அடிக்கும். எதிர்க்காற்றைவிடப் பரவாயில்லை என்றாலும் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்கவேண்டும். பறவை பார்க்கவும் சைக்கிள் ஓட்டவும் மார்கழி முதல் மாசி வரையான மாதங்களே இதம்.

அந்த மாதங்களில் வருபவர் தாம்போதியில் தொடங்கலாம். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் இந்தப் பாதையில் ஏறத்தாழ 3 கிலோமீற்றருக்கு இருபுறமும் ஆழமில்லாத நீர். பூநாரைகள் கூட்டமாக நின்று மேயும் காலம் அது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2008 இல் பிரகடனப்படுத்தப்பட்டு 2010 இல் ராம்சார் ஈரநிலமானது. மோட்டார் வாகனத்தில் போகிறவர் நிறுத்த இடம் தேடுவதற்குள் தாம்போதி முடிந்துவிடும். சைக்கிள்காரர் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம்.

தீவில் ஏறியதும் கோட்டை. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அங்கிருந்து சிறிது மிதித்தால் பள்ளிமுனை. அங்கே நிற்கும் பெருக்க மரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். மேலே வளர மறந்து பக்கவாட்டிலேயே பருத்த உருவம். சாம்பல் நிறப் பட்டை மடிப்பு மடிப்பாகத் தொங்க, அடிமரத்திலிருந்து கிளைகள் கட்டைவிரல்களைப் போலப் பிதுங்கி நிற்கின்றன. ஆபிரிக்காவுக்குரிய இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கழுதைகளைப் பற்றியும் அதே பேச்சு உண்டு.

வாடகைச் சைக்கிளை வாங்கும்போது ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும். ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். பின்சில்லைத் தூக்கிப் பெடலைச் சுற்றும்போது, சங்கிலியில் துரு இருந்தால் கரகரப்பு கேட்கும். உப்புக்காற்றில் இது சகஜம், நான்கு சொட்டு எண்ணெய் போதும். பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பது நல்லது. வழியில் உடை மரங்களின் நிழல் ஆசைகாட்டும், ஆனால் கீழே உதிர்ந்து கிடக்கும் வெள்ளை முள் ரியூப்பைப் பதம் பார்த்துவிடும். சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஆள் மட்டும் நிழலுக்குப் போவதே புத்தி.

தலைமன்னார் பியர் வரை போகிறவருக்குக் கிடைப்பது கடலோடு முடிந்துபோகும் ஒரு தண்டவாளம். 1914 இல் திறந்த ரயில் பாதையும் தனுஷ்கோடிக்கான கப்பலும் சேர்ந்து சென்னையையும் கொழும்பையும் ஒரே பயணத்தில் இணைத்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போர்க்காலத்தில் ரயிலும் நின்றது. 2015 மார்ச்சில் அது மீண்டும் தலைமன்னாருக்கு வந்தது.

மன்னாருக்குப் பொதுச் சைக்கிள் வரவேண்டும் என்று சொல்வதற்கு இந்த ரயில் பாதையே காரணம். திருக்கேதீஸ்வரம், மன்னார், தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார், தலைமன்னார் பியர் என்று நிலையங்கள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. பாலாவித் தீர்த்தக்கரையில் திருக்கேதீஸ்வரக் கோயிலைக் கும்பிட்டுவிட்டு ஒரு பக்கம் மிதிக்கலாம், மறுபக்கம் ரயிலிலோ பேருந்திலோ திரும்பலாம். கொழும்பிலிருந்து வருபவருக்கு மட்டுமல்ல, நிலையத்தில் இறங்கிக் கந்தோருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவருக்கும் அது உதவும். 2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்ற மக்களுக்குச் சைக்கிளின் அருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மைசூரைப் போல 48 தரிப்பிடங்கள் இங்கே வேண்டியதில்லை. ஆறு நிலையங்களிலும் கூரையோடு ஒரு தாங்கி, செயலி இல்லாதவரிடம் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிந்துகொள்ள ஒரு ஆள், சங்கிலிக்கு எண்ணெய் விடவும் முள் குத்திய ரியூப்புக்கு ஒட்டுப் போடவும் அந்தந்த ஊர்ச் சைக்கிள் கடைக்காரருக்கு மாதச் சம்பளம். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.