பழைய கருவியும் புதிய யுக்தியும்

விளையாட்டுச் சாமான் செய்தவர் ஒருவருடைய சரித்திரத்துக்குத் தினசரியின் தலையங்கப் பக்கத்தில் என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால், கையிலுள்ள சொற்ப சாதனத்தைக் கொண்டு பெருங் காரியம் சாதிப்பது எப்படி என்பது, பொது வாழ்வில் இறங்கிய ஒவ்வொருவரும் நித்தியம் எதிர்ப்படும் பிரச்னையாகும். ஜப்பானிய வீடியோ கேம் நிபுணரான குன்பெய் யோகோய் தமது வாழ்க்கையினாலேயே அதற்கு விடை கூறிச் சென்றிருக்கிறார்.

1941-ம் வருஷம் பிறந்த யோகோய், கியோட்டோவில் தோஷிஷா சர்வகலாசாலையில் மின்சாரத் துறையில் படித்துத் தேறினார். 1965-ல் அதே நகரத்து நிண்டெண்டோ கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. 1889-ல் தோன்றிய அக்கம்பெனி அப்பொழுது சீட்டுக் கட்டுகளுக்கே பெயர் பெற்றிருந்தது. சீட்டு அச்சிடும் யந்திரங்களைப் பழுது பார்ப்பதே யோகோயின் வேலை. ஓய்வு நேரத்தில் அவர், மடங்கி நீளும் சட்டங்களாலான கை ஒன்றைத் தமது பொழுதுபோக்குக்காகச் செய்து வைத்திருந்தார். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமவுச்சி அதைக் கண்டார். அதையே விற்பனைக்குச் செய்யும்படி உத்தரவிட்டார். 1966-ல் வெளிவந்த அந்த 'அல்ட்ரா ஹாண்ட்' பத்து லக்ஷத்துக்கு மேல் விற்றது. பழுது பார்த்தவர் புதியன படைப்பவரானார்.

எழுபதுகளில் ஷார்ப், காஸியோ முதலிய கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கால்குலேட்டர்களை ஏராளமாகச் செய்து குவித்தன. அதனால் அவற்றின் திரைகளும் சில்லுகளும் மிகவும் மலிந்தன. ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த யோகோய்க்கு, அச்சாமான்களைக் கொண்டே சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி செய்யலாமென்று தோன்றியது. 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. அவ்வரிசையில் வந்த கருவிகள் 4 கோடிக்கு மேல் விற்றன. 1982-ல் அவற்றுள் ஒன்றில் அவர் அமைத்த சிலுவை வடிவப் பொத்தான், பிற்காலத்தில் உலகெங்கும் விளையாட்டுக் கருவிகளுக்குப் பொதுவாகிவிட்டது.

பழகிப் பழுத்து விலை மலிந்த தொழில் நுட்பத்தை, பிறர் நினையாத புது வழியில் திருப்புவது என்பதே யோகோயின் சித்தாந்தம். 1989-ல் அது பெரும் பரீக்ஷைக்கு உள்ளாயிற்று. அவருடைய குழுவினர் செய்த 'கேம் பாய்' கருவியில் வர்ணமே இல்லை. நாலு சாயல்களில் மங்கலான படந்தான். அதே வருஷம் அடாரி கம்பெனியும், அடுத்த வருஷம் சேகா கம்பெனியும் வர்ணத் திரையோடு எதிர்த்து நின்றன. ஆனால் அமெரிக்காவில் கேம் பாயின் விலை ஏறக்குறைய 90 டாலர். அடாரியின் விலையோ ஏறக்குறைய 180 டாலர். சேகாவின் கருவி ஆறு பாட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் விழுங்கிற்று. கேம் பாய் நாலு பாட்டரிகளில் பத்து மணிக்கு மேல் ஓடிற்று. கேம் பாயும் அதன் பின்வந்த வர்ணக் கருவியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

யோகோய் தோல்வியும் கண்டவர். 1995-ல் வந்த 'வர்ச்சுவல் பாய்' எட்டு லக்ஷத்தைக்கூட எட்டாமல் ஒரு வருஷத்துக்குள் மறைந்தது. அதிலும் மலிவான சிவப்பு விளக்குகளையே அவர் பயன்படுத்தினார். அவ்வாறிருக்க, ஒன்று வென்றதும் மற்றொன்று வீழ்ந்ததும் ஏன்? கேம் பாயின் எளிமை, விளையாடுகிறவனுடைய பணத்தையும் பாட்டரியையும் மிச்சப்படுத்திற்று. வர்ச்சுவல் பாயின் எளிமையோ, மேஜை மீது வைத்த கருவிக்குள் அவனைக் குனிந்து பார்க்க வைத்துக் கண்ணை நோகச் செய்தது. எளிமை ஜனங்களுக்கு உதவும்போதுதான் வலிமையாகிறது. அவர்கள் மீது சுமையாக ஏறும்போது அது வெறும் குறையே.

1996-ல் யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்வியே காரணமென்று பலர் பேசினர். தனித் தொழில் நடத்தும் எண்ணம் அவருக்கு முன்பே உண்டென்று கூறியவர்களும் இருந்தனர். எவ்வாறாயினும், அவர் சித்தாந்தத்தைக் கைவிடவில்லை. சொந்த ஸ்தாபனம் அமைத்து, பண்டாய் கம்பெனிக்காக 'வொண்டர் ஸ்வான்' என்ற கருவியில் உழைத்தார். 1997 அக்டோபர் 4-ந் தேதி சாலை விபத்தொன்றில், 56-வது வயதில் காலமானார். 1999-ல் வெளிவந்த அக்கருவி ஒரே பாட்டரியில் முப்பது மணி நேரம் ஓடிற்று.

'பணம் இல்லை, நவீன யந்திரம் இல்லை, ஆகையால் காரியத்தைத் தொடங்கவில்லை' என்று சொல்லும் இளைஞர்களை எல்லா இயக்கங்களிலும் காண்கிறோம். அவர்கள் முதலில் தம் கையில் உள்ளதைக் கணக்கிடட்டும். பிறகு, அது யாருக்கு எவ்விதம் உபயோகப்படும் என்று ஆராயட்டும். இவ்விரண்டையும் செய்தவனுக்குச் சாதனக் குறைவு ஒரு சாக்காகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.