செலராங்கில் இட்ட கையெழுத்து

சாங்கி கிராமத்துக்குப் போகும் 2-ஆம் எண் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து செல்பவர்கள், 1936-இல் ஆங்கிலேயர் கட்டி முடித்த சிறைச்சாலையின் பழைய வாசலும், இரண்டு காவற்கோபுரங்களும், அவற்றோடு சேர்ந்த துண்டுச் சுவரும் புதுக் கட்டடங்களுக்கு முன்னே நிற்பதைக் காணலாம். 600 கைதிகளுக்கென்று எழுந்த அந்தச் சிறையில், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், ஆயிரக்கணக்கான ஐரோப்பியக் குடிமக்களே அடைபட்டார்கள். ஊருக்கு சியோனான் என்று நாமகரணம் ஆயிற்று. கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டு டோக்கியோ நேரம் காட்டின. வாழைமரம் அச்சிட்ட நோட்டு செலாவணிக்கு வந்தது.

ஆயினும் சர்வாதிகாரத்துக்கு ஒரு விசித்திர சுபாவம் உண்டு. பீரங்கியால் சாதித்ததைக் காகிதத்தாலும் ஊர்ஜிதம் செய்துகொள்ளாவிட்டால் அதற்கு மனம் ஆறுவதில்லை. 1942 ஆகஸ்ட் முடிவில், தப்பியோட மாட்டோம் என்று சரணடைந்த ஒவ்வொரு போர்க்கைதியும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டுமென்று ஜப்பானியத் தளபதி ஃபுகுவே ஷிம்பெய் ஆக்ஞை பிறப்பித்தார். கைதிகள் மறுத்தார்கள். செப்டம்பர் 2 அன்று, முன்னரே தப்பிப் பிடிபட்டிருந்த நால்வர் சாங்கிக் கடற்கரையில் சுடப்பட்டனர். 15,000 பேருக்கு மேல் அருகிலிருந்த செலராங் படைமுகாமின் ஒரே சதுக்கத்துக்குள் நெருக்கப்பட்டனர். குடிநீருக்குச் சொற்பக் குழாய்கள். மலஜலத்துக்கு அணிவகுப்பு மைதானத்தின் தாரையே உடைத்துத் தோண்டிய குழிகள். வயிற்றுக்கடுப்பு பரவத் தொடங்கியதும், நிர்ப்பந்தத்தின் பேரில் இடுவதாகச் சொல்லி, கைதிகளின் மேலதிகாரிகளே கையெழுத்திடச் சொன்னார்கள். ஆஸ்திரேலியர் சிலர் தங்கள் நாட்டுப் பிரசித்திபெற்ற கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரை எழுதிக் கொடுத்தார்களாம்.

அந்நால்வரைச் சுட்ட துப்பாக்கிகளைப் பிடித்திருந்தவர்கள், ஜப்பானியர் பக்கம் சேர்ந்திருந்த இந்தியச் சிப்பாய்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரின் கதேய் அரங்கில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்ததை நாம் மெய்சிலிர்க்கச் சொல்லும்போது, இந்தப் பக்கத்தை மட்டும் மெல்லப் புரட்டிவிடுகிறோம்.

1945 செப்டம்பரில் மறுபடி ஆங்கிலக் கொடி ஏறியதும் வாழைமர நோட்டு வெறுங்காகிதமாயிற்று. புதிதாய் வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தைக் கள்ளச்சந்தை நிர்வாகம் என்றே ஜனங்கள் பரிகசித்தார்கள். ஃபுகுவே 1946 ஏப்ரலில் அதே சாங்கியில் சுடப்பட்டார். சிங்கப்பூர்ப் போர்க்குற்ற நியாயஸ்தலத்தின் முதல் வழக்கே, இங்கிருந்து பலாவ் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியப் போர்க்கைதிகளைப் பற்றியதுதான். அதே காலத்தில் ஜெர்மனியில் ஜெயித்தவர்கள் 131 கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டி, நாஜிக் கட்சியில் நீ எவ்வளவு தூரம் இருந்தாய் என்று வாத்தியார் முதல் தபால்காரர் வரை விசாரித்துக் கொண்டிருந்தார்கள்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழ்க் கூலிகளிடம் எவரும் எந்தப் பத்திரத்தையும் நீட்டவில்லை. பட்டாளத்துக்காரனுக்காவது படைப்பிரிவும் எண்ணும் இருந்தன. இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய தோட்டத்து ஆளின் பெயரைக் கங்காணியின் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்துக்கு அப்பால் யார் எழுதி வைத்தார்கள்?