கடன் பேப்பரில் இருக்கும் ஆங்கிலம்



"இங்கிலீஷெல்லாம் படிச்சவங்களுக்குத்தான்"னு நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் லோன், டியூ, ரீசார்ஜ், நாமினி என்று தினமும் பேசுகிறோமே, அவை என்ன? தெரிந்த வார்த்தைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால், கடன் பேப்பரில் வரும் பெரிய வார்த்தைகளும் பிடிபட்டுவிடும்.

டியூ என்றால் கட்டவேண்டிய பாக்கி. ஓவர் என்றால் தாண்டியது. ஆக, ஓவர்டியூ என்பது தேதி தாண்டிய பாக்கி.

அடுத்து ப்ரீ. இலவசம் என்று சொல்கிற ஃப்ரீ இல்லை இது! இந்த ப்ரீக்கு 'முன்' என்று பொருள். ப்ரீபெய்டு சிம்முக்கு முன்பணம் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல ப்ரீபேமென்ட் என்றால் தவணைக் காலம் முடியும் முன்பே கடனை அடைப்பது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் தரும் நுண்கடனை இப்படி அடைத்தால், அபராதம் வாங்கக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ரசீதில் 'ப்ரீபேமென்ட் சார்ஜ்' என்று இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

முக்கியமானது கோ. 'கூடச் சேர்ந்து' என்று பொருள். கோ-ஆபரேட்டிவ் பேங்க் என்றால் கூட்டுறவு வங்கி. (கோல்டு லோனில் இருக்கும் 'கோ' இந்தக் கணக்கில் வராது.) பாரோ என்றால் கடன் வாங்குவது. டெய்லர், டிரைவர் மாதிரி கடைசியில் 'அர்' சேர்ந்தால் அதைச் செய்பவர். அப்படியானால் கோ-பாரோயர் யார்? கூடச் சேர்ந்து கடன் வாங்குபவர்! "சும்மா சாட்சிக் கையெழுத்துதான்க்கா" என்று சொல்லிப் பேப்பரை நீட்டலாம். சாட்சி என்றால் அங்கே விட்னஸ் என்று இருக்கவேண்டும். கோ-பாரோயர் என்று இருந்தால் அந்தக் கடன் உங்கள் கடனும்தான்.

கியாரண்டர் என்றால் ஜாமீன்தாரர். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாவிட்டால் உங்களிடம் வரலாம்.

நுண்கடன் விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பதும் அதே 2022 விதிதான். தமிழில் கேட்டு வாங்குங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் உள்ள வார்த்தையை நீங்களே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரவர் கடன் அட்டையைக் கொண்டு வாருங்கள். 'ரீ' என்று தொடங்கும் வார்த்தைகளைத் தேடுவோம். ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறோம்: ரீசார்ஜில் இருக்கும் அதே ரீ.