மலையேற்றத்தில் நடுங்கும் டர்போ வண்டி

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வரையில் யாதொரு குறையுமின்றி ஓடிய மோட்டார் வண்டி, வெள்ளிமலைச் சாலையில் ஏறத் தொடங்கியதும் உடல் நடுங்கி, வலுக்குன்றி, பின்வரும் பேருந்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்றலுண்டு. "டர்போ போயிற்று" என உடனே தீர்ப்புக் கூறுவோர் பலர். டர்போவை மாற்றப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். உண்மைக் குற்றமோ சில நூறு ரூபாய்ப் பொருளில் இருத்தல் கூடும். ஆதலின் இந்நோயைப் பகுத்தறியுமாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

எஞ்சினினின்று வீணே வெளியேறும் வெம்புகையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு ஓரச்சிற் பொருந்திய மற்றொரு சக்கரத்தால் புறக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்துங் கருவியே டர்போ. சுவிட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பியூக்கி என்பார் 1905-இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். சிறு கார்களில் இச்சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலுஞ் சுழலும். நம் நாட்டில் 2013-இல் வெளிவந்த போர்டு ஈகோஸ்போர்ட், 2019-இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூ ஆகியவற்றின் சில வகைகளில், ஒரு லிட்டர் அளவும் மூன்று சிலிண்டருமுடைய எஞ்சின் டர்போவின் துணையாற் பெரிய எஞ்சினுக்கு நிகராக உழைத்தது. மூன்று சிலிண்டருள் ஒன்று எரியாதொழியின் வலுவில் மூன்றிலொரு பங்கு போவதோடு வண்டி முழுதும் ஆட்டங்காணும் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

முதற்கண் நடுக்கம் எதனைப் பின்பற்றுகிறது என ஆராய்தல் வேண்டும். சமவெளியில் ஒரு குறித்த வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் ஆடுமாயின் அது சக்கரத்தின் குற்றம். ஆக்சிலரேட்டரை அழுத்துங்கால் வண்டி அதிர்ந்தும் வலுக்குறையாதாயின், சக்கரத்திற்கு விசை கொண்டுசெல்லும் அச்சின் மூட்டையோ எஞ்சின் தாங்கியையோ பார்த்தல் தகும். நடுக்கமும் வலுவிழப்பும் ஒருங்கே வருமாயின் நோய் எஞ்சினுள் உள்ளது எனக் கொள்ளலாம்.

அங்ஙனமாயின், சமவெளியில் ஒளிந்திருந்த நோய் மலையில் வெளிப்படுவது ஏன்? பிளக்கின் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரினுங் குறைவே. எனினும் அதனிடையே அடர்ந்த காற்று நிரம்பின், மின்பொறி அதனைத் தாண்டுவதற்கு மிக்க வோல்ட் அழுத்தம் வேண்டும். மெல்லச் செல்லுங்கால் சிலிண்டரிற் புகுங் காற்றுக் குறைவு. தேய்ந்த பிளக்கும் நைந்த காயிலும் அப்பொழுது தம் தொழிலை எவ்வாறோ செய்து முடிக்கும். ஏற்றத்தில் டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும்போதோ பொறி தோன்றாது, தோன்றினும் நிலையாது. அவ்வேளை எரியாத பெட்ரோல் புகைக்குழாயிற் சென்று, ஆங்குள்ள புகைதூய்மிப்பானைச் சுட்டுக் கெடுக்கும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுதல் இதற்கே எச்சரிக்கையாம். மின்னக் கண்டால் ஆக்சிலரேட்டரினின்று காலையெடுத்து, வளைவில் அன்றி அகன்றவோர் இடத்தில் வண்டியை நிறுத்துக.

பட்டறையில் மின்கருவியைப் பொருத்தின், பி 0301 என்பது முதற் சிலிண்டர் எரியாமையையும், பி 0302 இரண்டாவதன் எரியாமையையும் குறிக்கும். இக்குறியைக் கண்டவுடன் பொருள் வாங்க ஓடுதல் வேண்டா. எஞ்சின் ஆறிய பின் இரண்டாஞ் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றிவைத்து மீண்டும் ஏற்றத்தில் ஓட்டுக. குறி 0303 என மாறின் குற்றம் காயிலுடையது. மாறாதாயின் பிளக்கையும், அதன்பின் பெட்ரோல் பீச்சுங் குழலையும் சோதிக்க. காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாது அனைத்தையும் புதிதாக மாற்றச் சொல்லும் பட்டறையை யாம் மெச்சோம்.

எல்லாச் சிலிண்டரும் ஒருங்கே தடுமாறின் பெட்ரோல் போதாமையை ஐயுறுக, பம்பு தளர்ந்திருக்கலாம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளையுடைய இம்மாவட்டத்தார்க்குக் கரும்பினின்று எத்தனால் எடுத்துப் பெட்ரோலிற் கலக்குஞ் செய்தி புதிதன்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. நெடுநாள் ஓடாது நின்ற வண்டியின் தொட்டியில் நீர் பிரிந்து தங்குதலும் உண்டு.

இனி, நடுக்கமின்றி வலு மட்டுங் குறைந்து, "உஸ்" என்னும் ஓசையெழின், பி 0299 என்னுங் குறியுந் தோன்றின், அமுக்கிய காற்று வழியிற் கசிகின்றது எனலாம். ரப்பர்க் குழாயின் வெடிப்பும், கழன்ற கவ்வியும், மூட்டைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்கும் அதனைக் காட்டும். கல்வராயனில் 3,000 அடி உயரத்திற் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைவு. அக்குறையை ஈடுசெய்ய டர்போ இன்னும் விரைந்து சுழலவேண்டியிருத்தலின், கீழே பொறுத்துக்கொண்ட சிறு கசிவு மேலே பொறுக்கலாகாததாகிறது. டீசல் வண்டிக்குப் பிளக்கின் பொறியில்லை. அதற்குக் கரும்புகை எழின் காற்றுக் கசிவையும், எழாதாயின் அடைபட்ட டீசல் வடிகட்டியையும் முதலிற் பார்க்க.

இவையாவும் செவ்வனே இருந்து, நீலப்புகையெழுந்து, சக்கரத்தின் அச்சு விரலால் அசைக்கப் பெரிதும் ஆடுமாயின் மட்டுமே டர்போவைக் குறைகூறலாம். அவ்வச்சு எண்ணெய்ப் படலத்தின்மேற் சுழல்வது. ஏற்றம் முடித்து வெள்ளிமலை சேர்ந்தவுடன் எஞ்சினை நிறுத்தின் எண்ணெயோட்டம் நின்று, அச்சைச் சூழ்ந்த எண்ணெய் அவ்வெப்பத்திற் கரியாகும்; ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டுப் பின்னர் நிறுத்துக.