வேலியோரத்துப் பசளை

றத்தோட்டை, எல்கடுவை ரோட்டோரங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மெக்சிகோ நாட்டுச் செடி. 1851இல் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே வளரும். இலை மூன்று அல்லது ஐந்து விரலாகப் பிரிந்திருக்கும். வாயில் வைத்தால் கசக்கும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, யூரியா கிடைக்காமல் நாம் பட்ட பாடு மறக்குமா? யூரியா தரும் அதே நைதரசன் சத்து இந்தப் பச்சை இலையிலும் நிறைய உண்டு. பொட்டாசியமும் உண்டு. காசு செலவில்லை.

மழை தொடங்கியதும் முற்றிய தண்டை ஒரு முழத்துக்குக் குறைவாக வெட்டி, மரக்கறித் தோட்டத்து வேலியோரம் சாய்வாக நடுங்கள். வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் தாங்கும். பூக்குமுன்னே கொப்பை வெட்டி, நறுக்கிப் பாத்தியில் பரப்புங்கள். ஈரமும் காயாது, சில கிழமையில் மக்கிப் பசளையாகிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: விதை விழ விட்டால் தேயிலை மலைக்குள்ளும் பரவிவிடும். அதனால் வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.